நடுவில் ஒரு படலம்

பாக்கு மட்டை இழுக்கும் விளையாட்டை மலாய்ப் பிள்ளைகள் 'தாரிக் உப்பே' என்பார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது வெறும் மட்டை வண்டி. மட்டையின் அகன்ற அடிப்பகுதியில் ஒருவர் குந்திக்கொள்ள, இன்னொருவர் ஓலைப் பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஈரப் புல்லில் அது பறக்கும். மணலில் முனகும். தார்ச்சாலையில் சீக்கிரமே கிழிந்துபோகும்.

அந்த மட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தரையைத் தொடும் அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும். இரு ஓரங்களும் மேல்நோக்கிச் சுருண்டிருப்பதால் புல்லும் மண்ணும் உள்ளே ஏறா. முன்பக்கம் காம்பாக மெலிந்து மேலே வளைவதால் மேடு பள்ளத்தில் குத்தி நிற்காது. அந்தக் காம்பே இழுக்கும் பிடியாகவும் ஆகிவிடுகிறது. சக்கரமில்லாத ஒரு வண்டிக்கு என்னென்ன வேண்டுமோ, எல்லாவற்றையும் மரமே செய்து கீழே போட்டுவிடுகிறது.

மலாக்காவின் டுரியான் துங்கால் அணைநீர் ஒருநாளும் உறையப் போவதில்லை. ஆனாலும் உறைந்த ஏரியில் மீன்பிடிச் சாமான்களை இழுத்துச் செல்ல ஒருவர் தன் கையால் செய்துகொள்ளும் சறுக்குவண்டியைப் பற்றி இந்த அத்தியாயத்தில் விரிவாகப் பார்க்கப் போகிறோம். அந்த வண்டிக்குள் இருக்கும் அறிவியல் மலாக்கா நீரிணைச் சேற்றிலும் இருக்கிறது. டுரியான் துங்காலில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்திலும் இருக்கிறது.

உறைந்த ஏரியில் என்ன சிக்கல்?

டொரொண்டோவுக்கு வடக்கே, காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடியது சிம்கோ ஏரி. குளிர்காலத்தில் அதன் மேல்பரப்பு உறைந்துவிடும். மக்கள் அதன்மேல் நடந்து போய், ஒரு சாண் அகலத்துக்குத் துளை போட்டு, கீழே இருக்கும் நீரில் தூண்டில் விடுவார்கள். ஆள் நடக்கப் பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. தடிப்பாவது இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதுவும் புதிதாக உறைந்த, தெளிவான கட்டிக்குத்தான் பொருந்தும்.

நடக்கிறவர் வெறுங்கையோடு போவதில்லை. பனிக்கட்டியைத் துளைக்கும் பெரிய திருகு, மடக்குக் கூடாரம், எரிவாயு அடுப்பு, மீன் இருக்கும் ஆழத்தைக் காட்டும் ஒலிமானி, அதற்கு ஒரு பேட்டரி, வாளி, நாற்காலி, குட்டைத் தூண்டில்கள் எல்லாம் சேர்ந்தால் 50, 60 கிலோ ஆகிவிடும். கடையில் இதற்கென்று பிளாஸ்டிக் தொட்டி போன்ற சறுக்குவண்டி விற்கிறார்கள். கெட்டியான பனிக்கட்டியில் அது நன்றாகவே ஓடும்.

சிக்கல் வருவது பனிக்கட்டிக்கும் பனிக்கும் இடையில். ஏரி உறைந்த பிறகு அதன்மேல் நிறையப் பனி விழுந்தால், அந்தப் பாரத்தில் பனிக்கட்டித் தகடு கொஞ்சம் அமிழும். விரிசல் வழியே ஏரிநீர் மேலே வந்து பனியின் அடிப்பகுதியை நனைத்துவிடும். மேலே இருக்கும் உலர்ந்த பனி நல்ல போர்வை. வெளியே எவ்வளவு குளிரடித்தாலும் உள்ளே இருக்கும் அந்த நீரும் பனியும் கலந்த கூழ் சீக்கிரம் உறையாது. தொட்டி அதில் இறங்கினால் அகன்ற அடிப்பாகம் முழுவதும் கூழில் ஒட்டிக்கொள்ளும். இழுக்கிறவருக்கு முதுகு விட்டுப்போகும். சற்று நின்று மூச்சு வாங்கினால், தொட்டியில் ஒட்டிய கூழ் குளிர்காற்று பட்டு உறைந்து, வண்டியின் எடையைக் கூட்டிவிடும்.

இதற்கு அங்குள்ளவர்கள் கண்ட வழி எளிமையானது. யாரோ கழித்துப்போட்ட பழைய பனிச்சறுக்கு ஸ்கீக் கட்டைகள் ஒரு சோடி, அவற்றின்மேல் ஒரு சாண் உயரத்துக்கு மரச்சட்டம், சட்டத்தின்மேல் அதே பிளாஸ்டிக் தொட்டி. தூண்டில்காரர்கள் இதை 'ஸ்மிட்டி' வண்டி என்று அழைக்கிறார்கள். தொட்டி கூழைத் தொடாது. தரையில் படுவது இரண்டு மெல்லிய கோடுகள் மட்டுமே.

படிவம் நான்கு மாணவரின் கேள்வி

இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். உராய்வு விசை பொருளின் எடையையும் பரப்பின் தன்மையையும் பொறுத்தது, தொடும் பரப்பளவைப் பொறுத்ததன்று என்று இடைநிலைப் பள்ளியில் படிக்கிறோம். பிரெஞ்சுக்காரரான அமான்டன் 1699-இலேயே இதைச் சொல்லிவிட்டார். அவருக்கும் இருநூறு ஆண்டு முன்பே லியோனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். பரப்பளவு பொருட்டில்லை என்றால், தொட்டியை எடுத்துவிட்டு ஸ்கீ வைப்பதால் என்ன பயன்? ஸ்கீக்கு அவ்வளவு நீளம்தான் எதற்கு?

அமான்டன் சொன்னது விட்டுக்கொடுக்காத தரைக்கு. மேசைமேல் செங்கல்லைத் தள்ளும்போது மேசை அமுங்குவதில்லை. பனி, சேறு, மணல் மூன்றும் அமுங்கும். அமுங்கும் தரையில் வண்டி இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்று, வழுக்குவது. இன்னொன்று, தனக்கு முன்னால் உள்ள தரையை நசுக்கி வழி உண்டாக்குவது. இரண்டாவது வேலைதான் நம் மூச்சை வாங்கும். வண்டி எவ்வளவு ஆழம் புதைகிறதோ அந்த அளவுக்கு அது ஓயாமல் மேடேறிக்கொண்டே இருக்கிறது என்று பொருள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்கீ ஒன்றின் தரை தொடும் பகுதி 150 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் சேர்த்து 2,400 சதுர செ.மீ. வண்டியும் பாரமும் 60 கிலோ என்றால், ஒரு சதுர செ.மீ. பரப்பில் விழுவது 25 கிராம் மட்டுமே. அதை இழுக்கும் ஆள் 75 கிலோ. ஒரு காலைத் தூக்கி அடுத்த அடி வைக்கும்போது ஏறத்தாழ 250 சதுர செ.மீ. பூட்ஸ் அடியில் அவ்வளவு எடையும் இறங்குகிறது. அது சதுர செ.மீ.க்கு 300 கிராம். ஆள் முழங்கால்வரை புதையும் பனியில் அவர் இழுக்கும் வண்டி மேலோட்டமாகப் போவது இதனால்தான். அதே 60 கிலோவைச் செம்பனைக் குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியில் ஏற்றினால், டயர் தரையைத் தொடும் உள்ளங்கையளவு இடத்தில் சதுர செ.மீ.க்கு 600 கிராம்வரை போகும். மழைக்காலத்தில் தோட்டத்து மண்பாதையில் அந்த வண்டி தள்ளியவர்களிடம் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

சக்கரம் சறுக்குக் கட்டையைவிட உயர்ந்த கண்டுபிடிப்பு என்று நாம் பழகிவிட்டோம். சக்கரத்துக்குச் சாலை வேண்டும். சாலை இல்லாத இடத்தில் சறுக்குக் கட்டைக்கே வெற்றி.

அப்படியானால் பலகையை இன்னும் அகலமாக்கிக்கொண்டே போகலாமா? கூடாது. ஈரமான கூழிலும் சேற்றிலும் பரப்பு கூடக் கூட ஒட்டலும் கூடும். புதையாமல் இருக்கப் பரப்பு வேண்டும், ஒட்டாமல் இருக்கப் பரப்பு குறைய வேண்டும். நல்ல வண்டி என்பது இந்த இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட ஓர் உடன்பாடு. வண்டி செய்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: புதையாமல் இருக்க எவ்வளவு பரப்பு போதும்?

ஐஸ் ஏன் வழுக்குகிறது?

இரண்டாவது கேள்வி, வழுக்கல் எங்கிருந்து வருகிறது என்பது. பனிக்கட்டி ஒரு திடப்பொருள். கண்ணாடியும் திடப்பொருள்தான், அதுவும் வழவழப்பானதுதான். ஆனால் கண்ணாடிமேல் யாரும் ஸ்கீ விடுவதில்லை.

அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் ஜோலி 1886-இல் ஒரு விளக்கம் தந்தார். பனிக்கட்டியை அழுத்தினால் அதன் உருகுநிலை தாழும். சறுக்குக் காலணியின் மெல்லிய விளிம்பு அழுத்துவதால் கட்டி உருகி நீராகிறது. அந்த நீர்தான் வழுக்குகிறது. கேட்க அழகான விளக்கம். பல பாடநூல்களில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. நம் வண்டியில் வைத்துப் பார்த்தால் அது நிற்காது. உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி தாழ்த்தச் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 140 கிலோ அழுத்தம் வேண்டும். நம் ஸ்கீ கொடுப்பது 25 கிராம். 5,000 மடங்குக்கும் மேல் பற்றாக்குறை. ஸ்கீயின் அடிப்பரப்பு முழுவதும் ஒரே சீராகத் தொடுவதில்லை, சில புள்ளிகளில்தான் தொடுகிறது என்று சலுகை கொடுத்தாலும் கடுங்குளிரில் இந்தக் கணக்கு தேறாது.

1939-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பவுடன், ஹியூஸ் என்ற இருவர் வேறு விடை சொன்னார்கள். சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் மலைமுகட்டு ஆய்வு நிலையத்தில், பனிக்குள் குடைந்த குகையில் அவர்கள் சோதனை நடத்தினார்கள். உராய்வில் பிறக்கும் சூடே பனியின் மேற்பரப்பை உருக்குகிறது என்பது அவர்கள் முடிவு. அதற்கு அவர்கள் காட்டிய சான்று நம்மைப் போன்ற வண்டி செய்கிறவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். வெப்பத்தை எளிதில் கடத்தும் உலோகப் பரப்பு, வெப்பம் கடத்தாத கெட்டி ரப்பரான எபோனைட்டைவிட அதிகம் உராய்ந்தது. உலோகம் பிறந்த சூட்டை உடனே உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. உருக்குவதற்கு மிச்சம் இருப்பதில்லை.

எவ்வளவு சூடு? பனியில் நல்ல ஸ்கீயின் உராய்வுக் குணகம் 0.05 அளவில் இருக்கும். 60 கிலோ வண்டியை இழுக்க 3 கிலோ எடையைத் தூக்கும் விசை போதும். நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் பிறக்கும் சூடு ஏறத்தாழ 30 வாட். அவ்வளவும் பனியை உருக்கவே செலவானாலும் நொடிக்குப் பத்தில் ஒரு கிராம் நீர்கூடக் கிடைக்காது. உண்மையில் பெரும்பகுதி பனிக்குள் கடத்தப்பட்டு வீணாகிறது. மிஞ்சும் அந்தத் துளி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகக் கட்டையின் அடியில் பரவுகிறது.

இதுவும் முழுக் கதை அன்று. அசையாமல் நிற்கும்போதுகூடப் பனிக்கட்டி கொஞ்சம் வழுக்கத்தானே செய்கிறது? பனிக்கட்டியின் மேலடுக்கில் உள்ள நீர் மூலக்கூறுகளுக்குப் பற்றிக்கொள்ள மேலே தோழர்கள் இல்லை. உள்ளே இருப்பவை போல் அவை இறுக்கமாகப் பிணைந்திருப்பதில்லை. இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நடமாட்டமே வழுக்கலின் வேர் என்று காட்டியது. உராய்வு மிகக் குறைவாக இருப்பது மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் அருகே. அதற்கு மேல் சூடானால் பனிக்கட்டி மிருதுவாகிக் கட்டை அதில் கீறிப் புதையும். அதற்குக் கீழே குளிரக் குளிர, மூலக்கூறுகள் முடங்கிப்போகும்.

முடங்கினால் என்ன ஆகும் என்பதை மூன்று பிரிட்டிஷ்காரர்கள் உடம்பால் அறிந்தார்கள். 1911-இல் அன்டார்க்டிகாவின் நடுக்குளிர்காலத்தில் வில்சன், பவர்ஸ், செர்ரி-காரார்ட் மூவரும் பெங்குவின் முட்டை தேடிப் புறப்பட்டார்கள். இரண்டு சறுக்குவண்டிகள், மொத்தம் 340 கிலோவுக்கு மேல் பாரம். வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி வரை இறங்கியது. அந்தக் குளிரில் பனி மணலைப் போல் ஆகிவிட்டது. கட்டைக்கு அடியில் எதுவும் உருகவில்லை. இரண்டு வண்டிகளையும் சேர்த்து இழுக்க முடியாமல், ஒன்றைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து மற்றதை இழுத்தார்கள். ஒரு மைல் முன்னேற மூன்று மைல் நடக்க வேண்டியிருந்தது. வண்டியும் அதுவே, ஆட்களும் அவர்களே. படலம் மட்டும் இல்லை.

கட்டையை எப்படிச் சேர்ப்பது?

இந்த இரண்டு கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் வண்டி செய்யும் முறை தானாகவே விளங்கும்.

ஸ்கீயின் அடியில் பாலிஎத்திலீன் தகடு ஒட்டியிருக்கும். நீர் ஒட்டாது, வெப்பம் கடத்தாது. வழுக்கலுக்கு வேண்டிய இரண்டு குணமும் உண்டு. இதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை. சட்டத்தை இணைக்கும் திருகாணி மேலிருந்து இறங்க வேண்டும். அடித்தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது. எட்டிப் பார்த்தால் அது பனியைக் கீறும் கலப்பையாகிவிடும். பழைய காலணிப் பிடிகளைக் கழற்றிய துளைகளை எப்பொக்சியால் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் நீர் உள்ளே போகும். உறையும்போது 9 விழுக்காடு பெருகிக் கட்டையைப் பிளக்கும்.

ஸ்கீயை இப்படிப் பாரம் ஏற்றப் பயன்படுத்துவது வட அமெரிக்கத் தூண்டில்காரர்களின் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 1888-இல் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்த நார்வேக்காரர் நான்சென், தம் நாட்டுக் கிராமத்தார் ஸ்கீ போன்ற அகலக் கட்டைகள் பூட்டி இழுத்துவந்த கைவண்டியைப் பார்த்தே தம் வண்டியை வடிவமைத்தார். ஏறத்தாழ 2.9 மீட்டர் நீளம். எடையோ மிகக் குறைவு. இணைப்புகளில் ஆணி அடிக்காமல் கயிற்றால் வரிந்து கட்டினார். காரணம் உண்டு. பனிமேடு ஒன்றில் ஒரு கட்டை ஏறி, மற்றது தாழ்ந்திருக்கும்போது சட்டம் முறுக்கப்படும். ஆணி அடித்த சட்டம் அந்த முறுக்கலில் விரிசல் விடும். கட்டிய சட்டம் வளைந்து கொடுத்து மீளும். கட்டுமரத்தை இன்றும் கயிற்றால் கட்டும் நம் கடலோடிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் உயரத்தில் பேராசை கூடாது. கூழைத் தாண்ட 15 முதல் 20 செ.மீ. போதும். ஸ்கீ இரண்டுக்கும் இடைவெளி 50 செ.மீ., பாரத்தின் மையம் தரையிலிருந்து 45 செ.மீ. என்றால், பக்கவாட்டுச் சரிவு 29 டிகிரியைத் தாண்டும்போது வண்டி கவிழும். மையத்தை 60 செ.மீ.க்கு உயர்த்தினால் 23 டிகிரியிலேயே கவிழ்ந்துவிடும். எனவே பேட்டரியும் எரிவாயு உருளையும் அடியில், கூடாரம் மேலே. பாரத்தை நடுவிலிருந்து சற்றே பின்னுக்குத் தள்ளி வைத்தால் ஸ்கீயின் முனைகள் பனிமேல் ஏறிச் செல்லும். முன்னுக்கு வைத்தால் உள்ளே குத்தும்.

இரண்டு ஸ்கீயும் இணையாக இருக்கிறதா என்று முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து பார்க்க வேண்டும். அரை விரல் வித்தியாசம் இருந்தாலும் ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் போகப் பார்க்கும். இழுக்கிறவர் அந்தச் சண்டைக்கும் சேர்த்துச் சக்தி கொடுக்க வேண்டியிருக்கும்.

கயிறா, கம்பியா? சமதளத்தில் ஆள் இழுப்பதற்குக் கயிறு போதும். எஞ்சின் பூட்டிய பனிவண்டியின் பின்னால் கட்டுவதாக இருந்தால் விறைப்பான கம்பிதான் பூட்ட வேண்டும். முன்வண்டி திடீரென்று நின்றால், உராய்வு மிகக் குறைந்த பின்வண்டி நிற்காது; நேராக வந்து மோதும். வழுக்கலுக்கு நாம் கொடுக்கும் விலை அது.

கடைசியாக ஒரு பழக்கம். வண்டியை நிறுத்தினால் அடியில் இருந்த படலம் உறைந்து, ஸ்கீயைப் பனியோடு ஒட்டிவிடும். நேரே முன்னால் இழுத்தால் அசையாது. பக்கவாட்டில் ஓர் ஆட்டு ஆட்டி ஒட்டலை உடைத்துவிட்டு இழுத்தால் வந்துவிடும். நீண்ட நேரம் நிறுத்துவதாக இருந்தால் இரண்டு மரத்துண்டுகளின்மேல் ஏற்றி வைத்துவிட வேண்டும்.

மலாக்கா நீரிணையின் ஸ்கீ

இனி நம் பக்கம். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அலை வற்றும்போது வெளியே தெரியும் சேற்றுப் பரப்பில் கெராங் சிப்பி எடுப்பவர்களின் வாகனம் ஒரே ஒரு பலகை. நீளமானது, முன்முனை சற்றே மேல்நோக்கியது. ஒரு முழங்காலை அதன்மேல் ஊன்றி, மற்றக் காலால் சேற்றை உதைத்து உதைத்துச் செல்வார்கள். கைகள் இரண்டும் சேற்றைத் துழாவிக் கெராங் பொறுக்கும். பொறுக்கியது பலகையின் முன்பக்கக் கூடையில் விழும். நீரிணைக்கு அக்கரையில், சுமாத்ராவின் ரியாவ் பகுதியில் வாழும் டுவானு மக்கள் இந்தப் பலகையைத் 'தோங்கா' என்கிறார்கள்; அதில் ஏறிச் சேற்றில் போவது அவர்கள் அடையாளமாகவே ஆகிவிட்டது.

மலேசியாவில் கெராங் வளர்ப்பு 1948-இல் பேராக்கின் பாகான் பஞ்சோரில் தொடங்கியது. மீன்வள ஆய்வாளர் பதன்சாலி 1950-களிலும் 60-களிலும் இந்தச் சிப்பியைப் பற்றி எழுதிய ஆய்வுகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. கெராங்குக்கு மென்மையான, குழைவான சேறுதான் வேண்டும். ஆள் நடக்க ஏற்ற தரையில் அது செழிக்காது. அது செழிக்கும் தரையில் ஆள் நடக்க முடியாது. பலகை பிறந்ததற்குக் காரணம் இதுவே.

பலகை 2 மீட்டர் நீளம், 40 செ.மீ. அகலம் என்று வைப்போம். ஆளும் அள்ளியதும் சேர்ந்து 100 கிலோ. சதுர செ.மீ.க்கு 12.5 கிராம், நம் ஸ்கீ வண்டியில் பாதி. பனியைவிடச் சேறு மென்மையானது என்பதால் பரப்பு கூடியிருக்கிறது. இங்கே படலத்தை உருக்கித் தர உராய்வுச் சூடு தேவையில்லை. வற்றிப்போன கடல் அதைச் சேற்றின்மேல் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. சேற்றுக்கே உரிய இன்னொரு குணமும் கைகொடுக்கிறது: அசையாமல் இருக்கும்போது கெட்டியாகவும், அலைக்கழிக்கும்போது இளகியும் நடந்துகொள்ளும். பலகை ஓடும்போது அதன் அடிச்சேறு இளகும். உதைக்கும் கால் இறங்கும் இடத்தில் சேறு பிடிமானம் கொடுக்கும். வெயிலேறி மேல்நீர் வற்றிவிட்டால் அதே சேறு பசையாகிவிடும். சேற்றுக்காரர்கள் கடிகாரத்தைவிட அலை அட்டவணையை நம்புவது மீன் கணக்குக்காக மட்டுமன்று.

மலாக்காவின் கெராகாவ் வலையிலும் இந்தச் சூத்திரம் உண்டு. சிஞ்சாலோக் என்ற புளிக்கவைத்த தொடுகறிக்கு வேண்டிய சின்ன இறாலைப் பிடிக்க, கத்தரிக்கோல்போல் விரித்த இரு கழிகளுக்கிடையே வலை கட்டி, இடுப்பளவு நீரில் தள்ளிக்கொண்டு போவார்கள். கழிமுனை வெறுமனே இருந்தால் சேற்றில் குத்தி நிற்கும். அதனால் இரு முனைகளிலும் மேல்நோக்கி வளைந்த கட்டைகளைப் பூட்டுவார்கள். நீருக்கடியில் ஓடும் இரண்டு குட்டி ஸ்கீக்கள் அவை.

உலகின் வேறு சேற்றுக் கரைகளும் இதே முடிவுக்கு வந்திருக்கின்றன. ஜப்பானின் அரியாகே கடலோரத்தில் சேற்றுப் பலகையில் போய்த் துள்ளுமீன் பிடிக்கிறார்கள். இங்கிலாந்தின் சாமர்செட் கரையில் மரச்சட்டம் பூட்டிய சேற்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வலைகளுக்குப் போவது தலைமுறைத் தொழிலாக இருந்துவந்தது. தமிழ் உழவரின் பரம்பும் சேற்றில் ஓடும் பலகைதான். ஆனால் அது வழுக்குவதற்காகச் செய்யப்படவில்லை. சேற்றைத் தள்ளிச் சமன்படுத்துவதே அதன் வேலை என்பதால் அதன் முன்விளிம்பு மேல்நோக்கி வளைவதில்லை. அந்த ஒரு வளைவை எடுத்துவிட்டால் வண்டி, கருவியாக மாறிவிடுகிறது.

நீர் எப்போதும் வழுக்கத்தான் செய்யும் என்றும் எண்ணிவிடக்கூடாது. எகிப்தின் ஜெஹுதிஹோதெப் கல்லறையில், ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முந்தைய ஓவியம் ஒன்று இருக்கிறது. பெரிய சிலையைச் சறுக்குக் கட்டையில் வைத்துப் பலர் இழுக்க, முன்னால் ஒருவர் மணலில் நீர் ஊற்றுகிறார். 2014-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அளவான ஈரம் மணல்துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து மணலைக் கெட்டியாக்குகிறது. கட்டைக்கு முன் மணல் குவிவதில்லை. இழுக்கும் விசை பாதியாகிறது. ஈரம் மிகுந்துவிட்டால் பலன் போய்விடுகிறது. அங்கே நீர் நம் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லவில்லை. முதல் கேள்விக்குச் சொன்னது: கட்டை தரையில் புதையாமல் பார்த்துக்கொண்டது.

படலத்தைக் கையோடு கொண்டுபோனால்?

பனியில் படலம் தரையிலிருந்து வருகிறது. சேற்றிலும் தரையிலிருந்துதான். தரையோ எதிர்ப்பரப்போ எதுவும் தராத இடத்தில், வழுக்கும் பொருளே தன் படலத்தைக் கொண்டுவர முடியுமா?

டுரியான் துங்காலில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா, சுருக்கமாக யூடெம், உராய்வியல் ஆய்வு நடக்கும் இடம். உராய்வு, தேய்மானம், மசகு மூன்றையும் ஒரே துறையாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே 1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் அளித்த அறிக்கைக்குப் பின்தான் வலுப்பெற்றது. யூடெம்மின் ஆய்வாளர்கள் 2010-களில் எடுத்துக்கொண்ட பொருள் நமக்குப் பழக்கமானது: செம்பனைக் கொட்டை. ஆலையில் எண்ணெய் எடுத்த பின் மிஞ்சுவதை நுண்துளைக் கரியாக்கி, எப்பொக்சியோடு கலந்து, சூட்டில் அழுத்தி வில்லையாக்கினார்கள். சுழலும் தட்டின்மேல் பாரத்தோடு உரசவிட்டு, எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு தேய்கிறது என்று அளந்தார்கள்.

 இந்த வில்லை உரசும்போது அதன் கரியில் கொஞ்சம் எதிர்ப்பரப்பில் அப்பிக்கொள்ளும். பிறகு உரசுவது கரியும் உலோகமும் அல்ல, கரியும் கரியும். எண்ணெய் ஊற்றாமலே படலம் உண்டாகிறது. தேயத் தேயப் புதுப்பித்தும் கொள்கிறது. எண்ணெய் விடக் கை எட்டாத இயந்திரப் பாகங்களுக்கு இத்தகைய பொருள் பயன்படும் என்பது ஆய்வின் நோக்கம்.

பந்தய ஸ்கீக்களின் கறுப்பு அடித்தகட்டிலும் பாலிஎத்திலீனோடு கரி சேர்த்திருக்கிறார்கள். அதன்மேல் புளோரின் கலந்த மெழுகு தேய்ப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அந்த வேதிப்பொருள் இயற்கையில் எளிதில் சிதையாதது என்பதால், 2023-24 பருவம் முதல் உலகப் பந்தயங்களில் அதற்குத் தடை. வழுக்கலுக்குப் புதிய பொருள் தேடும் காலம் இது. தோட்டத்து ஆலையில் அடுப்பெரிக்கப் போகும் கொட்டைக் கழிவும் அந்தத் தேடலில் இடம்பெறுகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

மீன் கடையில் ஒரு கைப்பிடி ஐஸ் கட்டியும், வீட்டில் ஒரு எவர்சில்வர் தாம்பாளமும், ஓர் அளவுகோலும் போதும். தாம்பாளத்தின் ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்துங்கள். கட்டி நகரத் தொடங்கும் கணத்தில் எவ்வளவு உயரம் தூக்கியிருக்கிறீர்கள், தாம்பாளம் தரையில் எவ்வளவு நீளத்தை மறைக்கிறது என்று அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைத்துவிடும். கடையிலிருந்து வந்த கட்டி ஏற்கனவே உருகிக்கொண்டிருப்பதால் சிறிய சரிவிலேயே ஓடும். அடுத்து, குளிர்ப்பெட்டியின் உறைபகுதியிலிருந்து அப்போதுதான் எடுத்த கட்டியை வையுங்கள். அது தாம்பாளத்தில் ஒட்டிக்கொள்ளும். நிறையச் சாய்த்தாலும் அசையாது. சற்றுப் பொறுத்திருந்தால் அடியில் நீர் கசிந்து, திடீரென்று விடுபட்டு ஓடும். பிறகு தாம்பாளத்துக்குப் பதில் காய்கறி நறுக்கும் பிளாஸ்டிக் பலகையில் இரண்டையும் திரும்பச் செய்யுங்கள். இரு பரப்புகளின் எண்களையும் அருகருகே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கீயின் அடியில் எஃகுத் தகடு ஏன் இல்லை என்பதற்கு உங்கள் கையெழுத்திலேயே ஒரு சான்று கிடைக்கும்.

பனியோ, சேறோ, மணலோ, ஆலைத் தளமோ, எங்கே வண்டி செய்ய நினைத்தாலும் வரிசை மாறாது. தரை எவ்வளவு தாங்கும் என்று முதலில் பார்க்க வேண்டும்; அதற்குப் பலகையின் நீள அகலம் விடை. நடுவில் படலம் எங்கிருந்து வரும் என்று அடுத்து பார்க்க வேண்டும். அதற்கு அடித்தகட்டின் பொருள் விடை. மரமும் திருகாணியும் கயிறும் அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.